எடுத்து வைத்தது ஒரு நாள், பிரித்துப் பார்த்தது ஒரு நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

உயிரில்லாமல் பிறந்த குழந்தையின் ரேகை, படம் போன்ற நினைவுப்பொருள்களைப் பெற்றோருக்காக எடுத்து வைப்பது பற்றியது இது. இதில் வரும் குடும்பம் ஒரே குடும்பம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவ வார்டில் செவிலியராக நான் அருகிலிருந்து பார்த்த சில குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறேன். நாங்கள் செய்த வேலைகளையும் தவறுகளையும் மட்டும் மாற்றவில்லை.

நிகழ்வு

33ஆவது வாரம். "ரெண்டு நாளா அசைவே தெரியல" என்று சொல்லிக்கொண்டு வந்தார் அந்தத் தாய். ஸ்கேனில் துடிப்பு இல்லை. இன்னொரு மருத்துவரும் பார்த்து உறுதி செய்தார். வலி வருவதற்கான மருந்து கொடுக்கப்பட்டு, மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பாப்பா பிறந்தாள். எடை 1,640 கிராம், நீளம் 42 செ.மீ. வீட்டில் ஐந்து வயது அண்ணன் ஒருவன் இருந்தான்.

28 வாரமோ அதற்கு மேலோ ஆகி, உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. நாடுகளை ஒப்பிடுவதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை அந்த 28 வாரம். பிரிட்டனில் அது 24, அமெரிக்காவில் 20. இந்தக் கோட்டுக்கு முன்னால் போன குழந்தைக்குப் பல இடங்களில் பதிவும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அப்படிப்பட்ட பெற்றோருக்கு, தங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதற்குக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பாதச்சுவடுதான் மிஞ்சும். ஆகவே நினைவுப்பொருள் விஷயத்தில் வாரக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

யாரைக் கேட்பது

நான் செய்த முதல் தவறு, கேட்க வேண்டியவரை விட்டுவிட்டுக் கதவருகே நின்றவரைக் கேட்டது. பாப்பாவின் அப்பா சொன்னார்: "வேண்டாம் சிஸ்டர். போட்டோ எல்லாம் எதுக்கு? பார்த்தா அவ உடைஞ்சுடுவா. சீக்கிரம் மறக்கட்டும்." பக்கத்தில் இருந்த பாட்டியும் அதையே சொன்னார்.

அன்பில் சொன்னதுதான். மருத்துவர்களே ஒரு காலத்தில் இதைத்தான் நம்பினார்கள். 1970கள் வரை பிரிட்டன் மருத்துவமனைகளில் இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி உடனே எடுத்துப் போய்விடுவதுதான் வழக்கம். பிள்ளை எங்கே புதைக்கப்பட்டது என்று தெரியாமலே முதுமை அடைந்த தாய்மார்கள் அங்கே உண்டு. 1978இல் அந்த நாட்டில் குழந்தையை இழந்தவர்களுக்கான 'சாண்ட்ஸ்' என்ற அமைப்பைப் பெற்றோர்களே தொடங்கியதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம்.

பத்து நிமிடம் கழித்துத் தாயிடம் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "எனக்கு எதுவும் வேண்டாம் சிஸ்டர்" என்றார், நான் வாய் திறக்கும் முன்னாலேயே.

அப்போது சொன்னது இது: "நீங்க இப்போ எதையும் பார்க்க வேண்டாம்மா. பாப்பாவோட கை, கால் ரேகையும் நாலு போட்டோவும் நான் எடுத்து, கவர்ல போட்டு ஒட்டி, உங்க ஃபைலோட வெச்சுடறேன். என்னைக்காவது வேணும்னு தோணுச்சுன்னா கேளுங்க. கேட்கவே இல்லைன்னாலும் சரி."

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "முடி மட்டும் வெட்டாதீங்க" என்றார்.

சம்மதம் இப்படித்தான் வரும். 'சரி' என்ற சொல் வராது. எதைச் செய்யக் கூடாது என்பதில் ஒளிந்துகொண்டு வரும். கோப்பில் அப்படியே எழுதினேன்: ரேகை, படம், சம்மதம் உண்டு, முடி வேண்டாம். பிடரியில் யாருக்கும் தெரியாத இடத்தில் நாலு இழை எடுத்திருக்கலாமே என்று அன்று எங்களில் ஒருவர் கேட்டார். கூடாது. இன்றுவரை முடியைப் பற்றி அந்தத் தாய் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என் பதில் அதுதான்.

மேசையில் நடந்த வேலை

வயிற்றுக்குள்ளேயே உயிர் போய்ச் சில மணி நேரத்தில் குழந்தையின் மேல்தோல் தளரத் தொடங்கிவிடும். நாள் கூடக் கூட உரியும், நிறம் சிவந்து கருக்கும். இந்தப் பாப்பாவுக்கு இடது குதிகாலிலும் வயிற்றிலும் உரிந்திருந்தது. எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தோல்தான் சொல்லும். அவசரப்பட்டால் பொருள் கிடைக்காது, காயம்தான் கிடைக்கும்.

வலது பாதத்தில் முதல் முயற்சி வீணானது. மையை அதிகம் பூசிவிட்டேன். பாதத்தைத் தூக்கித் தாளில் அழுத்தினேன். ஒரு கருந்திட்டு விழுந்தது. சுத்தமான ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தோல் கையோடு வரும். காயவிட்டு மறுபடி முயன்றபோது பாதத்தை அசைக்கவே இல்லை. தடித்த அட்டையில் தாளைப் பிடித்து, குதிகாலில் தொடங்கி விரல் நுனி வரை தாளைப் பாதத்தின் மேல் ஒரே உருட்டாக உருட்டி எடுத்தேன். மை தெரியுமளவுக்குத்தான், பளபளக்குமளவுக்கு இல்லை. ஐந்து விரலும் தனித்தனியாக விழுந்தன. கையில் மை ஒட்டாத, ரசாயனம் பூசிய தனித்தாளில் விழும் ரேகைப் பெட்டிகளும் உண்டு. குழந்தையைத் திரும்பத் துடைக்கும் வேலை அதில் குறைவு. அன்று எங்களிடம் அது இல்லை.

கை மூடியிருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போனால் மென்தோல் கிழியும். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகவே கொஞ்சம் விரியும், நம் கையிலேயே மடக்கிப் பார்த்தால் தெரியும். அந்த இடைவெளியில் தாளை நுழைத்தேன்.

அச்சு வார்ப்பதை இடது பாதத்தில் செய்யவில்லை. பல் மருத்துவர்கள் பல்லின் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் தூளைத்தான் இதற்கும் குழைப்பார்கள். நல்ல தோலை அது ஒன்றும் செய்யாது. உரியும் தோலை அச்சோடு இழுத்துவிடும். ஆகவே வலது கையில் மட்டும். குளிர்ந்த நீரில் குழைத்தால் மெதுவாக இறுகும், நிதானமாக வேலை செய்யலாம். வெந்நீர் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். கையை எடுத்ததும் தாமதிக்காமல் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆல்ஜினேட் காயக் காயச் சுருங்கும். ஊற்றிய கிண்ணத்தை மேசையில் நாலு தட்டுத் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும். தட்டாமல் விட்ட ஒரு வார்ப்பில் சுண்டுவிரல் நுனி இல்லாமல் போனதை வேறொரு முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோர் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

படம் எடுப்பதற்கு முன் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றி, துளி வாஸ்லின் தடவினோம். இல்லாவிட்டால் வறண்டு கருத்துத் தெரியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் மேசையை இழுத்தோம். விடிந்துகொண்டிருந்தது. காது மடல், நெற்றியில் பூனைமுடி, போர்வைக்கு வெளியே ஒரு பாதம், அளவு தெரிய அதன் அருகே அப்பாவின் மோதிரம். மோதிரத்தை அவரே கழற்றிக் கொடுத்தார், படமே வேண்டாம் என்றவர். கருப்பு வெள்ளையாக மாற்றினால் தோலின் சிவப்பும் திட்டுகளும் மறையும். அதற்காக வண்ணப் படத்தை அழித்துவிடக் கூடாது. "அவ நெஜமா எப்படி இருந்தா?" என்ற கேள்வி பின்னால் வரும்.

குழந்தை குளிர்ச்சியில் இருந்தால் இந்த வேலைகளுக்கு நேரம் கூடும். தொட்டிலில் குழந்தைக்கு அடியில் குளிர்நீர் ஓடும் மெத்தை வைக்கும் 'கடில் காட்' என்ற சாதனம் இதற்காகவே இருக்கிறது. அது இருக்கும் இடங்களில் பெற்றோர் ஒன்றிரண்டு நாள்கூடக் குழந்தையோடு இருக்க முடிகிறது. அது இல்லாத வார்டில் எல்லாமே முதல் சில மணி நேரத்தில் நடந்தாக வேண்டும்.

பாப்பாவைச் சுற்றியிருந்த போர்வையைத் துவைக்கப் போட்ட கூடையிலிருந்து திரும்ப எடுத்தேன். ஈரம் போகக் காற்றாட உலர்த்தி, தாளில் சுற்றி வைத்தோம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கை டேக், தொப்புள்கொடி கிளிப், 42 செ.மீ. அளந்து வெட்டிய ஒரு ரிப்பன். பெற்றோருக்கான நினைவுப் பெட்டியில் இவ்வளவுதான்.

எடுக்காத படம்

காலை ஆறே முக்கால். ஷிஃப்ட் மாறும் நேரம், நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தாய் அழைத்து, பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாராம். சக செவிலியர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தாய் இருபது நிமிடம் மடியில் வைத்திருந்தார். அப்பாவும் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் ஒன்றாக இருந்த நேரம் அந்த இருபது நிமிடம் மட்டுமே.

யாரும் படம் எடுக்கவில்லை. "அந்த நேரத்துல கேமராவைத் தூக்கிட்டு நிக்கிறது அத்துமீறலாப் பட்டுச்சு" என்றார் சக செவிலியர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் இருந்தாலும் தயங்கியிருப்பேன். எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக் கோப்பில் எழுதியிருந்தால் அவருக்குத் தயக்கமே வந்திருக்காது. 'குழந்தையின் படம்' என்று எழுதினேனே தவிர 'குழந்தையோடு பெற்றோர்' என்று எழுதவில்லை.

அமெரிக்காவில் 2005இல் கொலராடோவில் தொடங்கிய 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' என்ற அமைப்பின் புகைப்படக் கலைஞர்கள் இப்படிப்பட்ட பெற்றோருக்குக் கட்டணமின்றிப் படம் எடுத்துத் தருகிறார்கள். அவர்கள் எடுக்கும் படங்களில் குழந்தையைத் தாங்கிய கை, குனிந்த நெற்றி, விரலைப் பிடித்த விரல் என்று பெற்றோரும் நிறைய இருப்பார்கள். அதன் காரணம் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

கருத்துப்போன தாள்

வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம் அப்பா ஒரு காரியம் செய்தார். 20ஆவது வாரத்து ஸ்கேன் தாள் கசங்கிவிடக் கூடாது என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்தார். இயந்திரத்துக்குள் போன தாள் முழுக் கருப்பாக வெளியே வந்தது. ஸ்கேன் படம் அச்சாவது வெப்பத்தில் கருக்கும் தாளில். சூடு பட்டால் கருக்கும். வெயிலிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் மங்கும். இதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறக்கச் சொன்ன அதே மனிதர் கருப்புத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்து நின்றார்.

ஸ்கேன் செய்த இயந்திரத்தில் படம் அழியாமல் இருந்தது, மறுபிரதி கிடைத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. தாளைக் கையில் வாங்கிய அன்றே ஸ்கேனரிலோ போனிலோ பிரதி எடுத்து, சாதாரணப் புகைப்படத் தாளில் அச்சிட்டுவிட்டு, மூலத்தை இருட்டில் வைக்க வேண்டும். அதே போல, ஸ்கேனின்போது துடிப்புச் சத்தத்தை யாராவது போனில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுவது நல்லது. இவர் பதிவு செய்திருந்தார், 19 விநாடி. வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பியதோடு சரி, வேறெங்கும் இல்லை. போன் மாற்றும்போது தொலைந்து போகிற பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். அன்றே இரண்டு இடத்தில் சேமிக்க வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து

தாய் தொலைபேசியில் அழைத்தார். "சிஸ்டர், அந்தக் கவர் இருக்கா?"

வந்தபோது பெரியவனையும் கூட்டி வந்திருந்தார். கவரை நான் பிரிக்கவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாயால் சொன்னேன். எந்தப் படத்தில் தோல் உரிந்தது தெரியும், எதில் தெரியாது என்பதையும் சொன்னேன். கறுப்பு வெள்ளை மேலே, வண்ணம் கீழே. உரிந்த குதிகால் தெரியும் மூன்று படங்கள் தனி உறையில். முதலில் பாதச்சுவடு கேட்டார். கருந்திட்டாக விழுந்த முதல் முயற்சியையும் நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

பிறகு படங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "நான் எங்க சிஸ்டர்?"

எனக்குப் பதில் இல்லை.

சிறுவன் கேட்டது வேறு. "பாப்பா எவ்ளோ கனம்?" எண்ணைச் சொன்னால் ஐந்து வயதுக்கு என்ன புரியும்? மறுவாரம் அவன் அம்மா ஒரு துணிப் பையைத் தைத்து, எடைக்கருவியில் வைத்து 1,640 கிராம் வரும்வரை மணலை நிரப்பி, வாயைத் தைத்துக் கொடுத்தார். அவன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, "இவ்ளோ கனமா?" என்றானாம். குழந்தை என்றால் லேசாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். அப்பாவும் வாங்கிப் பார்த்தார். அவர் அன்றுதான் அழுதார் என்று அந்தத் தாய் சொன்னார்.

ஆய்வுகள்

இந்த வேலை ஆறுதல் தருமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், 'பெரும்பாலும், ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது' என்பதுதான். 1991இல் ஸ்வீடனில் குழந்தையை இழந்த தாய்மாரிடம் மூன்று ஆண்டு கழித்துக் கேட்டறிந்து இங்கெலா ரோடெஸ்டாட் குழுவினர் 1996இல் வெளியிட்டார்கள். 314 பேர் பதில் தந்திருந்தார்கள். குழந்தையோடு வேண்டிய அளவு நேரம் இருக்க முடியாமல் போனதும், நினைவுப்பொருள் எதுவும் கையில் இல்லாததும் பிற்கால மனத்துயரோடு சேர்ந்து வந்தன.

2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பாட்ரிஷியா ஹியூஸ் குழுவினரின் ஆய்வு வேறு விதமாகப் பேசியது. ஒரு குழந்தையை இழந்து மீண்டும் கருவுற்றிருந்த 65 பெண்களில், குழந்தையைக் கையில் ஏந்தியவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது, பார்க்காதவர்களிடம் குறைவாக. சிறிய குழுதான். நினைவுப்பொருள் வைத்திருந்ததால் கெடுதல் என்று அதில் தெரியவரவில்லை. ஆனாலும் 2007இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டி, பார்க்கச் சொல்லியும் தூக்கச் சொல்லியும் வழக்கமாக ஊக்குவிக்க வேண்டாம் என்றது. பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. 2014இல் வந்த வழிகாட்டி, படம் பார்ப்பது, நினைவுப்பொருள் பெறுவது, பார்ப்பது, ஏந்துவது ஆகியவற்றை அனுபவமுள்ள ஒருவர் தாயோடும் துணைவரோடும் பேசித் தெரிவாக வைக்க வேண்டும் என்று மாறியது.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக எனக்குப் படவில்லை. வலுக்கட்டாயமாக மடியில் வைத்த குழந்தையும், கேட்டு வாங்கிய குழந்தையும் ஒன்றில்லை. என் வார்டு அனுபவத்தில் பிசகு நடப்பது எடுப்பதையும் பார்ப்பதையும் ஒரே கேள்வியாகக் கேட்கும்போதுதான். 'வேணுமா, வேண்டாமா?' என்று பிரசவித்த ஒரு மணி நேரத்தில் கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் வரும். பார்ப்பதற்கு ஆயுள் முழுக்க அவகாசம் உண்டு. எடுப்பதற்கு ஒரு காலைப்பொழுதுதான்.

மாற்றியவை

பெரிதாக ஒன்றுமில்லை. சம்மதத் தாளில் நாலு வரி கூட்டினோம்: ரேகை, வார்ப்பு, முடி, படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. படத்தின் கீழே, 'பெற்றோருடன் எடுக்கலாமா' என்று இன்னொரு வரி. தாயிடம் தனியாகவும், அப்பாவிடம் தனியாகவும் கேட்கிறோம். அப்பாக்களிடம் மோதிரமோ சட்டைப் பையில் இருக்கும் வேறு பொருளோ கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்; கையில் ஒரு வேலை கிடைத்தால் பலர் கதவைவிட்டு உள்ளே வருகிறார்கள். ஸ்கேன் தாளை லேமினேட் செய்யக் கூடாது என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். கெட்டுப்போன ரேகைத் தாளையும் கிழித்துப் போடுவதில்லை.

அந்தத் தாயிடம் இல்லாத படத்துக்கு வழி தேடினோம். அவர் கையைத் தனியாகப் படமெடுத்து, பாப்பாவின் பாதப் படத்தோடு இணைத்து வரைந்து தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "நடந்தது நடந்த மாதிரியே இருக்கட்டும் சிஸ்டர்." அதற்குப் பதிலாக அன்று பாப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்த செவிலியரை வரச் சொல்லி, அந்த இருபது நிமிடமும் அறையில் என்னென்ன நடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். போர்வையைத் தாயே விலக்கிக் காலைத் தொட்டது, அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, ஜன்னலை மூடச் சொன்னது. பாதி அந்தத் தாய்க்கே நினைவில்லை.

வார்ப்பை அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறார், எடுத்துப் பார்ப்பதில்லை. கை டேக் அவருடைய பர்ஸில் இருக்கிறது. மணல் பை சிறுவனின் கட்டிலில். உரிந்த குதிகால் தெரியும் மூன்று படங்களை மட்டும் அன்று வாங்கிக்கொள்ளவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்றார். ஒட்டிய உறையில், மேலே தேதியோடு, அது கோப்பில் இருக்கிறது.